மாலைச் சந்திப்பு: நார்மன் லூயிஸின் ஓர் ஓவியத்தை முன்வைத்து

முகமோ உடலோ இல்லாத ஓர் அரூப ஓவியம் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வாழ்வனுபவத்தை எப்படிச் சொல்ல முடியும், வரைந்தவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த அர்த்தத்தை நாமே அதன்மேல் ஏற்றிவிடுகிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் 'உணர்ச்சி', 'வலி', 'விடுதலை' என்று நாலு சொல்லில் முடிந்துபோகும். கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் நார்மன் லூயிஸ் 1962இல் வரைந்த 'ஈவ்னிங் ராண்டெவூ', அதாவது 'மாலைச் சந்திப்பு'. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இணையத்திலும் பெரிய அளவில் பார்க்கக் கிடைக்கும். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படித்தால் நல்லது.

லினன் துணியில் எண்ணெய் வண்ணம். நாலடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம், ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம். அன்றைய நியூயார்க் அரூப ஓவியர்கள் பலர் சுவரளவுக்குக் கித்தான் விரித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இது அடக்கமான அளவுதான். பின்னணி இருண்டது. ஆனால் தட்டையான இருட்டு அல்ல. பொழுது சாய்ந்து பனி இறங்கும் நேரத்தில் எது அருகில், எது தொலைவில் என்று கண்ணுக்குப் பிடிபடாமல் போகுமே, அந்த மாதிரியான மங்கல். அந்த மங்கலுக்குள் வெள்ளை, சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களில் சின்னச் சின்னத் தீற்றல்கள் நெருக்கமாகத் திரண்டிருக்கின்றன. கைபேசித் திரையில் விரல் நுனி அளவில் பார்க்கிறவர்களுக்கு, ஏதோ ஒரு திருவிழா இரவை மலைமேல் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை; ஓவியர் விரும்பியதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது படத்தைப் பெரிதாக்கி, ஒரே ஒரு வெள்ளைத் தீற்றலை மட்டும் பாருங்கள். மேலே கூம்பிக் கீழே அகன்ற ஒரு சிறு வடிவம். தூரிகையை ஒரு தடவை வைத்து எடுத்த அளவுதான். தனியாகப் பார்த்தால் அது வெறும் வண்ணம். பக்கத்தில் அதேபோல் இன்னொன்று, சற்றுத் தள்ளி மூன்றாவது, அவற்றுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி வேறு சில. நாலைந்து சேர்ந்ததும் கண் அவற்றை எண்ணத் தொடங்குகிறது. எண்ணத் தொடங்கினால் அவை ஆட்களாகிவிடுகின்றன. மேலே கூம்பியிருப்பது முக்காடு, கீழே அகன்றிருப்பது அங்கி. இது தெரிந்த கணத்தில் மற்ற நிறங்களும் இடம் மாறிக்கொள்கின்றன: சிவப்பு நெருப்பாகிறது, நீலம் புகையாகிறது. இரவில் வெள்ளை அங்கியும் கூம்பு முக்காடும் அணிந்து நெருப்பைச் சுற்றிக் கூடுகிறவர்கள் யார் என்று அமெரிக்காவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு.

ஒரு முறை அப்படித் தெரிந்துவிட்டால் பிறகு அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியாது. வேண்டுமானால் முயன்று பாருங்கள். முதலில் கண்ட திருவிழா திரும்பி வராது.

அந்த நிறங்களும் தற்செயலாகத் தேர்ந்தவை அல்ல. சிவப்பு, வெள்ளை, நீலம் என்பவை அமெரிக்கக் கொடியின் நிறங்கள். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு டென்னசியில் தோன்றி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அச்சுறுத்தி, பின்னர் ஒடுங்கிப்போன க்ளான், 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் சிலுவை எரித்து மீண்டும் தொடங்கப்பட்டபோது தன்னை நூறு விழுக்காடு அமெரிக்கத் தேசபக்தி இயக்கமாகவே அறிவித்துக்கொண்டது. 1925 ஆகஸ்டில் அதன் உறுப்பினர்கள் பல்லாயிரம் பேர் வெள்ளை அங்கி அணிந்து, முகத்திரையை மட்டும் விலக்கிக்கொண்டு, தேசியக் கொடிகளைத் தூக்கிப் பிடித்தபடி வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் பட்டப்பகலில் அணிவகுத்தார்கள். அப்போது லூயிஸுக்கு 16 வயது. கொடியின் மூன்று நிறங்களையும் பிரித்தெடுத்து அங்கிக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, புகைக்கு ஒன்று என்று இந்த ஓவியம் பங்கிடுவதில் உள்ள கசப்பான கிண்டல் அந்த வரலாற்றிலிருந்து வருவது. தலைப்பிலும் அதே கிண்டல் உண்டு. 'ராண்டெவூ' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேரமும் இடமும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட சந்திப்பு என்று பொருள்; காதலர்கள் சந்திப்பதற்கும் ஆங்கிலத்தில் அதைச் சொல்வார்கள். அந்த இனிமையைத்தான் லூயிஸ் இந்தக் கூட்டத்துக்குப் பெயராகச் சூட்டுகிறார்.

முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட சந்திப்பு என்பதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஓவியத்துக்கு ஓராண்டு முன்பு, 1961 மே 14 அன்று, பேருந்துகளில் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் வந்தவர்களை அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் க்ளான் கும்பல் தடியும் இரும்புக் குழாயுமாகத் தாக்கியது. காவல்துறை வர 15 நிமிடம் தாமதிக்கும் என்று அந்தக் கும்பலுக்கு முன்னதாகவே வாக்குத் தரப்பட்டிருந்தது. லூயிஸ் அந்த நிகழ்வைத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஓவியம் எந்த ஓர் ஊரையும் நாளையும் சுட்டவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு கறுப்பின அமெரிக்கருக்கு 'சந்திப்பு' என்ற சொல்லின் காதுக்குக் கேட்காத பகுதி எதுவாக இருந்திருக்கும் என்பதை அந்தத் தாக்குதல் காட்டுகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இதையே முகம், முக்காடு, எரியும் சிலுவை எல்லாம் தெளிவாகத் தெரியும்படி வரைந்திருக்கலாமே, அரூபம் எதற்கு? என் பதில் இது: அப்படி வரைந்திருந்தால் அது க்ளானைப் பற்றிய ஓவியமாக இருந்திருக்கும், இப்போது அது க்ளானைத் தூரத்திலிருந்து பார்க்க நேர்ந்தவரின் கண்ணைப் பற்றிய ஓவியமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. உருவங்கள் தெளிவாக இருந்தால் பார்க்கும் நொடியிலேயே தீர்ப்பு கிடைத்துவிடும். யார் கொடியவர், நாம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உடனே முடிவாகி, பார்வையாளர் பத்திரமான ஓர் இடத்தில் நின்றுகொள்வார். லூயிஸ் அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. முதலில் மயக்குகிறார், பிறகு சந்தேகிக்க வைக்கிறார், அதன் பிறகுதான் அடையாளம் காட்டுகிறார்.

தூரத்தில் தெரியும் கூட்டம் எப்படிப்பட்டது என்று கணிப்பது அந்த நாட்டின் கறுப்பின மக்களுக்குக் கலை ரசனை சார்ந்த விஷயமாக இருந்ததில்லை. பொழுது சாய்வதற்குள் கறுப்பினத்தவர் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற விதியை எழுதியும் எழுதாமலும் கடைப்பிடித்த ஊர்கள் தெற்கிலும் வடக்கிலும் ஏராளமாக இருந்தன. 'சன்டவுன்' ஊர்கள் என்றே அவற்றுக்குப் பெயர். எந்த ஊரில் தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்வதற்காகவே 1936 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் லூயிஸின் ஊரான ஹார்லெமில், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த அந்தப் பகுதியில், வாழ்ந்த ஓர் அஞ்சல் ஊழியர். இருட்டும் நேரத்தில் சாலைக்கு அப்பால் ஒரு நெருப்பும் சில வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தால், அது திருச்சபைக் கூட்டமா, குளிர்காய்கிற விவசாயிகளா, வேறா என்பதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறோம் என்பதில் உயிர் இருந்தது. ஓவியத்தின் முன் நமக்கு ஆகும் தாமதம், அழகு என்று நினைத்து நின்ற அந்த சில நொடிகள், அந்தச் சாலையில் நின்றிருந்தவருக்கு வாய்த்திருக்காது. தலைப்பில் உள்ள 'மாலை'யை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். இது என் வாசிப்பு, ஓவியர் எழுதிவைத்த விளக்கம் அல்ல.

தலைப்பையும் ஓவியரின் இனத்தையும் மறைத்துவிட்டால் யாருக்காவது இது தெரியுமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். அதற்கு அவருடைய மற்ற ஓவியங்களே சாட்சி. 1960இல் வரைந்த 'அலபாமா' இப்போது கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது: கறுப்புப் பரப்பில் கூர்கூரான வெள்ளை வடிவங்களின் திரள். அதே ஆண்டின் 'அமெரிக்கா த பியூட்டிஃபுல்', அங்கே பள்ளிக் குழந்தைகளெல்லாம் பாடும் தேசபக்திப் பாடலின் பெயரைத் தாங்கிக்கொண்டு, கறுப்பின்மேல் வெள்ளையாக முக்காடுகளையும் சிலுவைகளையும் இன்னும் வெளிப்படையாகவே காட்டுகிறது. 'அமெரிக்கன் டோட்டம்' என்பதும் 1960தான். ஆறடிக்கு மேல் உயரமான அந்தக் கித்தானில் கூட்டமே கிடையாது, ஒரே ஒரு வெள்ளைக் கூம்பு வடிவம் குலச்சின்னத் தூண்போல நிற்க, அதற்குள் முகமூடிகளும் மண்டையோடுகளும் போன்ற வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2018இல்தான் அதை வாங்கியது. இப்படி ஒரே வடிவத்தை ஓர் ஓவியர் திரும்பத் திரும்ப எடுத்தாளும்போது அது அவருடைய சொல்லாகிவிடுகிறது. அந்தச் சொல்லின் பொருள் ஓர் ஓவியத்தில் ஐயமாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் ஓவியம் தெளிவாக்கிவிடும். ஆகவே அர்த்தத்தை நாம் ஏற்றிச் சொல்கிறோம் என்ற குற்றச்சாட்டு இங்கே எடுபடாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லூயிஸை முழுதாக விரும்பவைப்பதும் அந்தச் சிக்கல்தான். அவருடைய சிறு தீற்றல் எப்போதும் க்ளானைக் குறிப்பதில்லை. 1940களிலிருந்தே அவர் கூட்டங்களை வரைந்துகொண்டிருந்தார்: நகரத் தெருக்களின் நெரிசல், வழிபாட்டுக் கூட்டம், களியாட்டம், ஊர்வலம். 1965இல் வரைந்த 'ப்ரொசெஷனல்' என்ற கறுப்பு வெள்ளை ஓவியத்தில் கறுப்புப் பரப்பின் நடுவே வெள்ளைத் தீற்றல்கள் பட்டையாகத் திரண்டு, இடப்புறம் ஒடுங்கித் தொடங்கி வலப்புறம் விரிந்துகொண்டே போகின்றன. இருட்டில் கைவிளக்கின் ஒளி விரிவதுபோல. அந்த ஆண்டு மார்ச்சில் அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமைக்காக நடந்தவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் காவலர்கள் அடித்து விரட்டியதையும், பின்னர் அவர்கள் மாண்ட்கோமரி வரை நடந்தே தீர்ந்ததையும் நினைக்காமல் அதைப் பார்ப்பது கடினம். அதாவது ஒடுக்குகிறவர்களின் கூட்டத்துக்கும் உரிமை கேட்டு நடப்பவர்களின் கூட்டத்துக்கும் அவர் கையில் இருந்த தூரிகை வீச்சு ஏறத்தாழ ஒன்றே. எந்தக் கூட்டம் எதுவென்று சொல்வது தீற்றலின் வடிவம் மட்டும் அல்ல; அவை எப்படி நகர்கின்றன என்பதுதான். 'மாலைச் சந்திப்பி'ல் உள்ளவர்கள் எங்கேயும் போகவில்லை, குழுமிக் காத்திருக்கிறார்கள். 'ப்ரொசெஷனலி'ல் உள்ளவர்கள் நடக்கிறார்கள். இவ்வளவு நுட்பமான ஒரு வேறுபாட்டை முகபாவங்களை வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த இடத்துக்கு அவர் வந்துசேர்ந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1909இல் ஹார்லெமில் பிறந்தார். பெற்றோர் பெர்முடாவிலிருந்து குடியேறியவர்கள். இளமையில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து தென் அமெரிக்காவைச் சுற்றியவர். திரும்பி வந்து சிற்பி அகஸ்டா சாவேஜின் பட்டறையில் கலை பயின்றார். 1930களில் அவர் வரைந்தவை எல்லாம் உருவ ஓவியங்கள்தான்: வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், வேலையற்றவர்கள். 1943இல் காவலர் ஒரு மனிதரை அடிப்பதைக்கூட வரைந்திருக்கிறார். இன உயர்வு பேசிய ஹிட்லரை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கப் படையிலேயே கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பிரிவு என்றிருந்த கொடுமையைக் கண்ட காலம் அது. போர் முடிந்த ஆண்டுகளில் அவர் அரூபத்துக்கு மாறினார்.

ஏன் மாறினார் என்பதை 1968இல் அளித்த ஒரு நேர்காணலில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். வீடிழந்தவர்களையும் பாகுபாட்டையும் தாம் வரைந்த படங்கள் யாரையும் அசைக்கவில்லை, நிலைமையை ஒரு துளியும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமானால் தட்டி பிடித்து மறியலுக்குப் போக வேண்டும், அதைத்தான் தாமும் செய்ததாகவும், ஹார்லெமில் வாழ்க்கை கொஞ்சமேனும் மேம்பட்டது அதனால்தான் என்றும் அவர் சொல்வதன் சாரம். எனக்கு இது மிக நேர்மையான பேச்சாகப் படுகிறது. போராட்டத்தைப் போராட்டத்திடமே விட்டுவிட்ட பிறகு, ஓவியம் தன் வேலையைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்ற விடுதலை அவருக்குக் கிடைத்தது. அப்படி விடுபட்ட ஓவியத்துக்குள் க்ளான் மறுபடி வந்து நிற்கிறது என்றால், பிரச்சாரம் செய்ய அழைத்ததால் அல்ல, அது அவருடைய கண்ணை விட்டுப் போகாததால். கறுப்பு நிறத்தைப் பற்றியும் அவர் இதே தொனியில்தான் பேசினார்: கறுப்பிலிருந்து வேறு நிறங்களின் சாயல்களை எழுப்ப முடியுமா என்பதே தம் ஆர்வம் என்றார். அவருடைய கறுப்பு ஓவியங்கள் அனைத்தையும் இனத்தின் குறியீடாக வாசித்துவிடத் துடிப்பவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த நிலைப்பாட்டுக்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. 1950 ஏப்ரலில் நியூயார்க்கின் 'ஸ்டுடியோ 35'இல் அரூப ஓவியர்கள் மூன்று நாள் கூடிப் பேசிய கூட்டத்தில் கலந்துகொண்ட ஒரே கறுப்பின ஓவியர் அவர். அடுத்த ஜனவரியில் அந்த இயக்கத்தின் முகமாகவே ஆகிவிட்ட, 15 பேர் அடங்கிய நிழற்படத்தை 'லைஃப்' பத்திரிகை வெளியிட்டபோது அதில் அவர் இல்லை. அவருடைய நெருங்கிய நண்பரான ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் இருந்தார். 1955இல் பிட்ஸ்பர்க்கின் கார்னெகி சர்வதேசக் கண்காட்சியில் அவருடைய 'மைக்ரேட்டிங் பேர்ட்ஸ்' பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் பரிசை வென்றது. நியூயார்க்கில் மரியன் வில்லார்ட் நடத்திய ஓவியக் காட்சிக்கூடம் 1946 தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவரை முன்னிறுத்தியது. இருந்தும் உடனிருந்த வெள்ளையினச் சகாக்களுக்குக் கிடைத்த விலையோ பெயரோ அவருக்குக் கிடைக்கவில்லை. மறுபக்கம், கறுப்பினக் கலை என்றால் கறுப்பின மனிதர்களைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவருடைய அரூபம் பிடிபடவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் அருங்காட்சியகம் அவருடைய முழு வாழ்நாள் ஓவியங்களையும் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது 2015இல். அவர் இறந்து 36 ஆண்டுகள் கழித்து.

கேள்வியில் நீங்கள் எழுப்பிய ஐயம் அவருடைய நண்பர்களுக்கும் இருந்தது. 1963 ஜூலையில், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, ரொமேர் பியர்டன், ஹேல் உட்ரஃப், சார்ல்ஸ் ஆல்ஸ்டன், லூயிஸ் ஆகிய கறுப்பின ஓவியர்கள் சேர்ந்து 'ஸ்பைரல்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். கறுப்பின ஓவியருக்கென்று தனியாக ஓர் அழகியல் உண்டா, போராட்டக் காலத்தில் ஓவியர் என்ன செய்ய வேண்டும் என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விவாதித்தார்கள். ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1965 மே மாதம் நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவில் தங்கள் கண்காட்சியைத் திறந்தபோது அவர்களால் ஒப்புக்கொள்ள முடிந்த ஒரே நிபந்தனை, எல்லா ஓவியங்களும் கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டும் என்பதுதான். 'ப்ரொசெஷனல்' அங்கேதான் வைக்கப்பட்டது.

நாலு ஆண்டுகள் கழித்து, 1969 ஜனவரியில், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றி ஒரு மாபெரும் கண்காட்சி நடத்தியது. நிழற்படங்கள் சுவர் சுவராக இருந்தன; ஹார்லெமில் பிறந்து வளர்ந்து வரைந்துகொண்டிருந்த ஓவியர்களின் ஒரு கித்தான்கூட இல்லை. திறப்பு நாட்களில் வாசலில் மறியல் நடந்தது. அப்போது 59 வயதாகியிருந்த லூயிஸ், ஓவியம் எதையும் எடுத்துக்கொண்டு போகாமல், மற்றவர்களோடு அந்த மறியலில் போய் நின்றார்.